குற்றத்தொடரை வாக்குமூலக் காட்சியிலிருந்து எழுதத் தொடங்குதல்: குமரி மாவட்டக் கதைக்களத்துக்கான கையேடு

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இணையத் தொடருக்கென்று இளைஞர்கள் எழுதும் குற்றக் கதைகள் பெரும்பாலும் ஒரு பிணத்தில் தொடங்குகின்றன. விடியாத வேளை, விடாத மழை, வாழைத் தோட்டத்துச் சேற்றில் ஒரு கை, ஜீப்பிலிருந்து இறங்கும் அதிகாரி என்று முதல் பக்கம் நிரம்பிவிடும். உயிரோடு தப்பியவர் யாராவது இருந்தால், அவர் நான்காம் அத்தியாயத்தில் போர்வையைப் போர்த்திக்கொண்டு அழுவதற்காக மட்டும் வருவார். திரையில் எந்தக் காட்சி முதலில் வந்தாலும் வரட்டும். தாளில் முதலில் எழுத வேண்டியது, தப்பியவர் காவல் துறையிடம் வாக்குமூலம் கொடுக்கும் காட்சிதான் என்பது இக்கட்டுரையின் வாதம். மனவியல், பாதிக்கப்பட்டவரின் நிலை, காவலரின் தொழில்திறம் ஆகிய மூன்றும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் அது. அங்கே நேரும் பிழை பின்வரும் எல்லா அத்தியாயங்களிலும் தொடரும்.

முதலில் நிலையத்தை முடிவு செய்யுங்கள்

எந்தக் காவல் நிலையம் என்று தெரியாமல் ஒரு வரியும் எழுத வேண்டாம். நாகர்கோவில் 2019-இல் மாநகராட்சி ஆகிவிட்டதால் அங்கே காவல் ஆணையர் இருப்பார் என்று எண்ணி, பலர் 'கமிஷனர்' பாத்திரத்தை எழுதிவிடுகிறார்கள். அது பிழை. மாவட்டக் காவல் துறைக்குத் தலைமை வகிப்பவர் நாகர்கோவிலில் இருக்கும் கண்காணிப்பாளர், அதாவது எஸ்.பி.; அவருக்குக் கீழே நாகர்கோவில், கன்னியாகுமரி, தக்கலை, குளச்சல் முதலிய உட்கோட்டங்களில் டி.எஸ்.பி.க்கள், அவருக்கு மேலே திருநெல்வேலியில் டி.ஐ.ஜி., மதுரையில் தென்மண்டல ஐ.ஜி. நிலையத்துக்குள்ளே இன்ஸ்பெக்டரும் எஸ்.ஐ.யும் மட்டும் இருந்தால் கதை நொண்டும். பல ஆண்டு சேவைக்குப் பின் எஸ்.எஸ்.ஐ., அதாவது சிறப்பு உதவி ஆய்வாளர், ஆன முதியவர், ஏட்டு, வாசலில் பாரா நிற்கும் காவலர், எல்லாத் தாள்களும் யார் கையைத் தாண்டிப் போகின்றனவோ அந்த ரைட்டர் ஆகியோரும் வேண்டும். என் கணிப்பில், தமிழ்க் குற்றத்தொடர்களில் மிகக் குறைவாகப் பயன்பட்டிருக்கும் பாத்திரம் இந்த ரைட்டர்தான்.

புகார் கொடுக்க வருபவரின் கையில் நம் மாநிலத்தில் முதலில் கிடைப்பது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு மட்டும் சான்றான தாள். பிடியாணை இன்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நடந்திருக்கிறது என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் லலிதா குமாரி வழக்கில் தீர்த்துச் சொல்லிவிட்டது. ஆகவே பாலியல் குற்றத்துக்கு சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து "நாளைக்கு வாங்க" என்று அனுப்புகிற அதிகாரியும், அதே இரவில் எஃப்.ஐ.ஆர். போட்டு அதன் இலவச நகலைக் கையில் தருகிற அதிகாரியும் வெவ்வேறு குணச்சித்திரங்கள். ஒரு தாளை வைத்தே அவர்களை நீங்கள் வரைந்துவிடலாம்.

களியக்காவிளைக்கு அப்பால் பாறசாலையில் நடந்த குற்றத்துக்காக மார்த்தாண்டத்தில் வந்து நிற்பவரை "எங்க லிமிட் இல்ல" என்று திருப்பி அனுப்பும் காட்சியை எழுதினால், அது பிழை என்று தெரிந்தே எழுதுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவலைப் பதிய வழி செய்கிறது. நிலையங்களில் இதை ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பார்கள். கதை அந்தத் தேதிக்கு முன் நடப்பதாக இருந்தால் பழைய சட்டப் பிரிவுகளையே பாத்திரங்கள் பேச வேண்டும் என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரை ஊர்களில் தகராறு எதுவானாலும் முதலில் பங்குத்தந்தையிடமோ ஊர்க் கமிட்டியிடமோ போவது வழக்கம். புகார் காவல் நிலையத்துக்கு வந்து சேரச் சில நாள்கள் ஆகலாம். அந்தத் தாமதத்தை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிடித்துக்கொள்வார். பாலியல் குற்ற வழக்குகளில் குடும்பமும் மானமும் பற்றிய தயக்கத்தால் தாமதம் நேருவது இயல்பே என்று 1996-இல் குர்மித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. உங்கள் கதையில் அந்த நாள்கள் எப்படிக் கழிந்தன, யார் யார் வீட்டுக்கு வந்து "பேசித் தீத்துக்கலாம்" என்றார்கள் என்பதைத் தனியாக எழுதி வையுங்கள். திரையில் வராவிட்டாலும் வாக்குமூலம் கொடுப்பவரின் குரலில் அது இருக்கும்.

வாக்குமூலக் காட்சி

ஒரு கற்பனைப் பாத்திரத்தை எடுத்துக்கொள்வோம். குலசேகரம் பக்கத்தில் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகும் நாற்பது வயதுப் பெண். குளிர்ந்த வேளையில் பால் நன்றாக வடியும் என்பதால், வெளிச்சம் வருமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போவது அவர் தொழில். அப்படிப் போன ஒரு நாளில் ஒருவன் அவரைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கிவிட்டு ஓடியிருக்கிறான்.

விசாரணை எங்கே நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். ஒற்றை விளக்கு தொங்கும் இருட்டறை வேண்டாம். பெண்களைச் சாட்சியாக விசாரிக்க அவர்களை வீட்டை விட்டு வேறிடத்துக்கு வரச் சொல்லக் கூடாது என்று சட்டம் சொல்கிறது; இத்தகைய வழக்கில் வாக்குமூலத்தைப் பதிவு செய்ய வேண்டியவர் பெண் அதிகாரி. தமிழ்நாட்டில் 1992 முதலே அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இருக்கின்றன. ஆகவே காட்சி அந்தப் பெண்ணின் வீட்டுத் திண்ணையிலோ அடுக்களையிலோ நடக்கலாம். வந்திருப்பவர் முப்பது வயதுடைய பெண் எஸ்.ஐ. என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் கூடியிருக்கும் உறவுக்காரர்களை அவர் எப்படி வெளியே அனுப்புகிறார் என்பதே அவருடைய தொழில்திறத்தின் முதல் சோதனை. அதட்டி அனுப்புபவரும், குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டு ஒவ்வொருவராக எழுப்பி விடுபவரும் ஒருவரல்லர்.

இனி அந்தப் பெண்ணின் நினைவு. அச்சம் உச்சத்தில் இருக்கும்போது மனித மூளை தன் கவனத்தை ஒரு சில பொருள்களில் குவித்துவிடும். மற்றவை பதியாமலே போகும், பதிந்தவையும் வரிசை கலைந்து கிடக்கும். தலைவிளக்கின் வெளிச்சம் விழுந்த இடம் மட்டும் அவருக்குத் துல்லியமாக இருக்கலாம்: சீவிய பட்டை, சிரட்டையில் பாதி நிறைந்த பால், ஒரு செருப்பின் வார். முகம் நினைவில் இல்லாமலே இருக்கலாம். அதோடு, தாக்கப்படுபவரின் உடல் விறைத்து, ஓடவோ கத்தவோ இயலாமல் போவது நன்கு அறியப்பட்ட உயிரியல் எதிர்வினை. அவருடைய துணிவுக்கோ சம்மதத்துக்கோ அதனோடு தொடர்பில்லை. இவற்றையெல்லாம் ஒரு மருத்துவர் பாத்திரம் வந்து விளக்கிச் சொல்லும் காட்சியை நான் பரிந்துரைக்க மாட்டேன். வசனத்தில் இப்படி வைக்கலாம்:

"வரிசையா சொல்லணும்னு இல்லக்கா. எது மனசுல நிக்குதோ அத மொதல்ல சொல்லுங்க."

"செருப்புக்க வாரு மேடம். நீல வாரு."

எஸ்.ஐ. காத்திருக்கிறார்.

"கத்தி எனக்க கையிலதான் இருந்துது. கை அனங்கல்ல."

"செரி அக்கா."

அவர் எழுதிக்கொள்கிறார்; உடனே அடுத்த கேள்விக்குப் போகவில்லை. 'கத்தி கையில் இருந்தும் ஏன் வெட்டவில்லை' என்ற கேள்வியை அவர் கேட்காமல் விட்டதே இந்தக் காட்சியின் மையம். அந்தக் கேள்வி கதைக்கு வேண்டும் என்றால், அதை வீட்டுக்கு வரும் ஓர் உறவினர் வாயிலோ, பின்னால் குறுக்கு விசாரணையிலோ வைத்துக்கொள்ளுங்கள்; ஆனால் அதற்குப் பதிலாக யாரும் பிரசங்கம் செய்ய விடாதீர்கள்.

அவர் அழ வேண்டும் என்றும் இல்லை. உணர்ச்சி மரத்துப்போய்த் தட்டையான குரலில் பேசுவோர் உண்டு. பேச்சுக்கிடையே, பால் எடுக்காமல் விட்டுவந்த சிரட்டைகளைப் பற்றியும் அன்றைய கூலியைப் பற்றியும் கேட்பவர் உண்டு. நடிகையிடம் "கண்ணீர் வரட்டும்" என்று சொல்லும் இயக்குநர், அழாத பெண்ணை நம்பாத காவலரின் அதே மனப்பான்மையில்தான் நிற்கிறார் என்பது என் கருத்து.

பிறகு அந்தச் சொற்கள் தாளுக்கு எப்படிப் போகின்றன என்று பாருங்கள். "கை அனங்கல்ல", அதாவது கை அசையவில்லை, என்பது நிலையத்துக் கணினியில் ரைட்டர் தட்டச்சு செய்யும்போது "நான் பயத்தில் செய்வதறியாது நின்றேன்" என்று ஆகிவிடும். அதில் வஞ்சகம் ஏதும் இல்லை; நிலைய நடைத் தமிழ் அப்படித்தான். ஆனால் விசாரணை நாளில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "நின்றீர்களா, கீழே கிடந்தீர்களா?" என்று கேட்பார். காவலரிடம் கொடுத்த வாக்குமூலத்தைச் சாட்சியின் முரண்பாட்டைச் சுட்டிக்காட்ட அவர் பயன்படுத்தலாம். எஸ்.ஐ. அவருடைய சொல்லை அப்படியே எழுதச் சொல்லி ரைட்டரோடு தர்க்கிக்கும் அரை நிமிடக் காட்சி ஒன்று இருந்தால், துரத்தல் காட்சி தராத பதற்றத்தை அது நீதிமன்ற அத்தியாயத்துக்குத் தரும். காவலரிடம் சொன்ன வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடுவதில்லை என்பதையும் மறக்க வேண்டாம். திரையில் பேனாவை நீட்டிக் கையெழுத்து வாங்காத தொடரை நான் அதிகம் கண்டதில்லை. கையெழுத்து, புகாரில் உண்டு. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 183-ஆம் பிரிவின் கீழ் நடுவர், அதாவது மாஜிஸ்திரேட், முன்னிலையில் தரப்படும் வாக்குமூலம் வேறு. அதற்கு நீதிமன்றத்தில் மதிப்பும் கூடுதல்.

ஒரு வாரம் கழித்து அவருக்கு வேறொன்று நினைவுக்கு வரலாம்: பீடி நாற்றம், பைக் நின்ற திசை. சிதறிப் பதிந்த நினைவு இப்படிப் பின்னால் வருவது இயல்பு. கூடுதல் வாக்குமூலமாக அதைப் பதிவு செய்யும் அதிகாரி இருக்கிறாரா, "அன்னைக்கு ஏன் சொல்லல?" என்று சீறும் அதிகாரி இருக்கிறாரா என்று முடிவு செய்யுங்கள்.

மருத்துவப் பரிசோதனை ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நடப்பதாக எழுதலாம். அவருடைய ஒப்புதல் இல்லாமல் அது நடக்கக் கூடாது, தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் அவரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இருவிரல் சோதனை பாதிக்கப்பட்டவரின் தனியுரிமைக்கும் கண்ணியத்துக்கும் எதிரானது என்று 2013-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், அதைச் செய்பவர் முறைகேட்டுக் குற்றவாளி என்று 2022-இல் இன்னும் கடுமையாகச் சொன்னது. அதைக் காட்சியாக வைத்தே தீருவேன் என்றால், அது தவறு என்பது அந்தக் காட்சிக்குள்ளேயே ஒருவர் நடத்தையால் தெரிய வேண்டும்.

பாதிக்கப்பட்டவர் குழந்தை என்றால் விதிகள் இன்னும் இறுக்கமானவை. 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை எஸ்.ஐ. நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை அணியாமல் பதிய வேண்டும். இரவில் குழந்தையை நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. காக்கிச் சட்டையோடு மிட்டாய் நீட்டும் அன்பான இன்ஸ்பெக்டர் பார்வைக்கு இனிமையாக இருக்கலாம். சட்டப்படி அவர் அந்த உடையில் அங்கே இருக்கவே கூடாது.

மாதங்கள் கழிந்த பின்

கொடும் நிகழ்வுக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு என்று மருத்துவர் சொல்வதற்கு அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். அழைக்காமல் வரும் நினைவுகளும் கெட்ட கனவுகளும், நினைவூட்டும் இடங்களைத் தவிர்த்தல், தன்னைப் பற்றியும் உலகைப் பற்றியும் இருண்ட எண்ணம், தூக்கமின்மையும் ஓயாத விழிப்பும் என்று அது பல முகம் காட்டும். எல்லோருக்கும் வருவதும் இல்லை. இரண்டாம் நாளே ஒரு பாத்திரம் அந்தப் பெயரை உச்சரித்தால் எழுத்தாளர் படிக்கவில்லை என்று தெரிந்துவிடும். நம் பால்வெட்டுப் பெண்ணுக்குக் கறுப்பு வெள்ளை நினைவோட்டம் தேவையில்லை. எதிரே வரும் பைக்கின் விளக்கு முகத்தில் பட்டவுடன் அவர் பேச்சை நிறுத்தலாம். தோட்டத்துக் குறுக்குப் பாதையை விட்டு இரண்டு கிலோமீட்டர் சுற்றி நடக்கலாம். அதே பெண் மருமகளின் வளைகாப்பில் வாய்விட்டுச் சிரிக்கவும் செய்யலாம், அந்தச் சிரிப்பை எழுத மறக்காதீர்கள். மனநலச் சிகிச்சை என்பது மாதக்கணக்கில் நடப்பது. கட்டியணைத்து அழ வைத்துவிட்டால் குணமாகிவிடும் என்று காட்டுவது, சிகிச்சைக்குப் போகத் தயங்கும் பார்வையாளருக்குச் செய்யும் தீங்கு.

கடற்கரைப் பாத்திரம் என்றால் அவர் 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலையையும் 2017-இன் ஒக்கிப் புயலையும் கண்டவராக இருக்கலாம். புதிய துயரம் பழைய துயரத்தின் மேல் வந்து படிவது உண்மை. ஆனால் அலையின் காணொளியைச் செருகி விளைவைக் கூட்டும் வேலையை விட்டுவிடுங்கள். கொட்டில்பாட்டிலோ மேலமணக்குடியிலோ அதைப் பார்க்க நேரும் ஒருவருக்கு அது வெறும் செருகல் காட்சியாக இராது.

குற்றவாளியின் மனம்

'சைக்கோ கொலைகாரன்' என்ற வார்ப்பில் இரண்டு வேறு நிலைகளைக் குழப்பி ஊற்றுகிறார்கள். இல்லாத குரல்களைக் கேட்டு, மெய்யெது பொய்யெது என்று பிரித்தறிய முடியாமல் தவிக்கும் மனச்சிதைவு நோயாளி ஒருவர். பிறர் வலியைப் பொருட்படுத்தாமல் தெளிவாகத் திட்டமிடும் சமூக விரோத ஆளுமை கொண்டவர் இன்னொருவர். முன்னவர் குற்றம் செய்பவராக இருப்பதைவிடக் குற்றத்துக்கு இலக்காகும் வாய்ப்பே மிகுதி. சிறுவயதில் அடிபட்டதால் கொலைகாரன் ஆனான் என்ற ஒற்றை விளக்கத்தையும் தவிருங்கள். அப்படி அடிபட்டு வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் யாரையும் கொல்லாமல் வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்துகிறார்கள், உங்கள் தொடரையும் பார்க்கிறார்கள். மனநோய்ச் சான்றிதழைக் காட்டித் தப்பிக்கும் வில்லனும் எளிதில் வாய்க்கக் கூடியவன் அல்லன். செயல் நேரத்தில் அதன் தன்மையையோ அது தவறு என்பதையோ அறிய இயலாத நிலையில் இருந்ததாக மெய்ப்பிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது.

குற்றவாளியின் மனத்தைப் படிக்கும் 'புரொஃபைலர்' அமெரிக்கத் தொடர்களின் வரவு. அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வு நிறுவனம் 1970-களில் அதற்கென்று தனிப் பிரிவை வளர்த்தது. தக்கலை டி.எஸ்.பி. அலுவலகத்தில் அப்படி ஒருவர் கண்ணாடிப் பலகையில் கோடு கிழிப்பதற்கு முகாந்திரம் இல்லை. அந்த வேலையை இங்கே செய்வது, ஊரில் யார் எந்த நேரத்தில் எந்தக் கடையில் உட்கார்ந்திருப்பான் என்று அறிந்த எஸ்.எஸ்.ஐ.தான்.

அடியும் ஒப்புதலும்

நம் தொடர்களில் நாயகர் அடிக்கிறார், குற்றவாளி ஒப்புக்கொள்கிறார், வழக்கு முடிகிறது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 23-ஆம் பிரிவுப்படி காவல் அதிகாரியிடம் தரும் ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்கக் கூடாது. அவர் சொன்னதால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு தொடர்புடைய பகுதி மட்டும் ஏற்கப்படும். ஆகவே அடித்து வாங்கிய ஒப்புதல் கதையின் முடிவாக முடியாது. அது வழக்கு உடையத் தொடங்கும் இடம். உண்மை அறியும் சோதனை, நார்கோ சோதனை ஆகியவற்றை ஒருவர் மீது கட்டாயமாகச் செலுத்தக் கூடாது என்று 2010-இல் செல்வி வழக்கில் தீர்ப்பு வந்தது. கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் கண்காணிப்பு கேமரா வைக்கவும், பதிவுகளைப் பல மாதங்கள் பாதுகாக்கவும் உத்தரவிட்டது. இன்றைய கதையில் லாக்கப் காட்சி எழுதுபவர் அந்த கேமரா எங்கே இருக்கிறது, யார் அதை அணைத்தார் என்று சொல்லாமல் நழுவ முடியாது.

'கழிப்பறையில் வழுக்கி விழுந்து' மாவுக்கட்டோடு நிற்பவரின் படத்தைப் பார்த்துச் சிரித்துப் பழகிய வாசகர்கள் நாம். 2020 ஜூனில் தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் இறந்தபோது அந்தச் சிரிப்பு சிலருக்காவது தொண்டையில் சிக்கியது. திரையில் மாவுக்கட்டைக் கைதட்டலுக்காக வைப்பதா, அந்தக் கட்டைப் பார்த்து நடுவர் கேட்கும் கேள்வியை வைப்பதா என்பதில்தான் எழுத்தாளரின் நிலைப்பாடு தெரியும். என்கவுன்டரில் முடிக்கிறீர்கள் என்றால், 2014-ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி வேறு நிலையமோ சி.ஐ.டி.யோ நடத்தும் விசாரணையும் நடுவர் விசாரணையும் தொடரும். அடுத்த அத்தியாயம் உங்கள் நாயகரின் வாக்குமூலத்தில்தான் தொடங்க வேண்டியிருக்கும்.

தொழில்திறம் என்றால் பரிசுத்தம் என்று பொருள் கொள்ள வேண்டாம். மண்டைக்காட்டு மாசிக் கொடைக்குப் பந்தோபஸ்து போட்டுப் பாதிப் பேரைக் கொண்டுபோய்விட்ட நாளில், சாட்சிக்கு சம்மன் கொடுக்க ஆளில்லாமல் தவிக்கும் இன்ஸ்பெக்டர், எஃப்.ஐ.ஆரைத் தாமதமின்றி நடுவரிடம் சேர்க்க மழையில் பைக் ஓட்டும் கோர்ட் காவலர், களைப்பில் எரிந்து விழுந்துவிட்டுப் பிறகு தேநீர் வாங்கி வரும் ஏட்டு ஆகியோரே நம்பத்தக்க காவலர்கள். இவர்களை எழுத, நிலையத்தின் ஒரு நாள் அலுவலை மணி மணியாகக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

சில சில்லறைத் திருத்தங்கள். ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று ஆளைக் காட்டும் அறை நம் நிலையங்களில் இல்லை. அடையாள அணிவகுப்பு பெரும்பாலும் சிறைக்குள் நடுவர் முன்னிலையில் நடக்கும், அதற்கு முன்பே சந்தேக நபரின் படம் நாளிதழில் வந்திருந்தால் அதன் மதிப்பு குறையும். கொலை என்று ஐயமுள்ள உடலுக்கு நள்ளிரவில் உடற்கூறாய்வு பொதுவாக நடப்பதில்லை. திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் பெண் தற்கொலை செய்துகொண்டாலோ ஐயத்துக்குரிய முறையில் இறந்தாலோ நாகர்கோவில் கோட்டாட்சியரோ பத்மநாபபுரம் சார் ஆட்சியரோ விசாரணைக்கு வர வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கைப் புலனாய்வு செய்பவர் டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். மோப்ப நாயைப் பற்றி நாளிதழ்கள் எழுதுவதே போதும்: சிறிது தூரம் ஓடி நின்றது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை.

படப்பிடிப்புக்கு முன்

உண்மை வழக்கிலிருந்து கதை எடுப்பவர்கள், பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவுப்படி தண்டனைக்குரியது என்பதை நினைவில் கொள்ளட்டும். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. இந்த மாவட்டத்தில் ஊரும் தோட்டமும் தொழிலும் கணவர் வெளிநாடு போன ஆண்டும் சொன்னால், ஆள் யார் என்று அடுத்த பேருந்து நிறுத்தத்திலேயே சொல்லிவிடுவார்கள். எனவே தாலுகாவை மாற்றுங்கள், தொழிலை மாற்றுங்கள், உறவுமுறையை மாற்றுங்கள்.

எழுதி முடித்த வாக்குமூலக் காட்சியை ஓய்வு பெற்ற ஒரு பெண் எஸ்.எஸ்.ஐ.யிடமும், குற்றவியல் வழக்கு நடத்தும் ஒரு வழக்கறிஞரிடமும், மனநல ஆலோசகர் ஒருவரிடமும் தனித்தனியாகப் படிக்கக் கொடுங்கள். மூவரையும் ஒன்றாக உட்கார வைத்தால் வழக்கறிஞர் மட்டும்தான் பேசுவார். தப்பிப் பிழைத்த ஒருவரைத் தேடிப் பிடித்து "உங்க அனுபவத்தச் சொல்லுங்க" என்று கேட்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. அவரே முன்வந்தால், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்றும், சொன்னதைத் திரும்பப் பெறலாம் என்றும் முதலிலேயே சொல்லிவிட்டு, உழைப்புக்குரிய ஊதியமும் கொடுங்கள். நடிகையிடமும் தாக்குதல் காட்சியின் ஒவ்வோர் அசைவையும் முன்கூட்டியே பேசி, ஒத்திகை பார்த்து, தளத்தில் தேவைக்கு மேல் ஒருவர்கூட இல்லாமல் எடுக்க வேண்டும்.

அத்தியாயத்தின் இறுதியில் பெண்கள் உதவி எண் 181, குழந்தைகள் உதவி எண் 1098, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416 ஆகியவற்றைப் பெயர்ப் பட்டியல் ஓடத் தொடங்குமுன், கைப்பேசியில் பார்ப்பவரும் படிக்கும் அளவு எழுத்தில், ஒருமுறை நிதானமாக வாசித்து முடிக்கும் நேரம் வரை நிறுத்துங்கள். பட்டியலுக்குப் பின்னால் வைத்தால், அடுத்த அத்தியாயம் தானாக ஓடத் தொடங்கும் தளங்களில் அந்த எண்கள் எவர் கண்ணிலும் படாது.